மறுமுனையைப் பிடித்தவன்

பெட்டி கனக்கவில்லை. லுகொண்டேவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வேனிலிருந்து வாசல்வரை தூக்கி வந்தபோது அதற்குரிய கனம் இருந்தது. தோள் இறங்கியது, முழங்கை விண்ணென்று தெறித்தது, அட்டையின் விளிம்பு விரல்களை அறுத்தது. பழைய விளக்கறையின் நிலைப்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் அந்தக் கனத்தில் ஒரு பங்கை யாரோ அடியில் கைகொடுத்து வாங்கிக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. இரண்டு பேர் தூக்கும் பெட்டியை மூன்று பேர் தூக்கினால் எப்படியிருக்குமோ அப்படி.

எதிர்முனையில் கபாசோ பல்லைக் காட்டினான். "பாத்தியா? நான் ஒழுங்கா தூக்க ஆரம்பிச்சதும் உனக்குப் பூ மாதிரி இருக்குல்ல?"

"நீ தூக்கினா சரிதான் அண்ணே."

"உன் பக்கம் தாழுது பாரு. போட்டுத் தொலைச்சிராத. போன மாசம் போட்டவன் இப்ப சந்தைல தக்காளி விக்கிறான். உனக்கு மறுபடி கல்லாப்பெட்டிதான்."

இந்த வேலைக்கு அவள் அவ்வளவு சுலபமாக வந்துவிடவில்லை. கணினிக் கடையின் முன்பக்கம் உட்கார்ந்து போன் கார்டு விற்றுக்கொண்டிருந்தவள், சர்வர் பொருத்தும் குழுவில் சேரவேண்டும் என்று கேட்டபோது முதலாளி சிரித்தார். ஒருமுறை கீழே போட்டால் திரும்ப வராதே என்று சொல்லித்தான் அனுப்பினார். ஒருமுறை. ஆண்கள் போட்டால் கை வழுக்கியது என்பார்கள். அவள் போட்டால் பெண் என்பார்கள். அதனால் எது நடந்தாலும் விரலை மட்டும் விடுவதில்லை என்று அவள் தனக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

அட்டையின் மேல் ஒரு படம் அச்சிட்டிருந்தது. முகமில்லாத இரண்டு மனிதர்கள் முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, ஒரு பெட்டியை ஆளுக்கொரு முனையில் பிடித்திருந்தார்கள். தனியாகத் தூக்காதே என்று அர்த்தம். ஒருவன் உருவம் வெறும் கோடு. இன்னொருவன் முழுக்கக் கறுப்பு.

லுவான்ஷ்யா என்ற அந்தச் சுரங்க ஊரில் செப்புக் குழியை மூடி வெகுகாலமாகிறது. குழிவாய்க் கட்டடத்தை ஒரு கிளினிக் வாடகைக்கு எடுத்து வெள்ளையடித்திருந்தது. ஜன்னலில்லாத, சுவர் தடித்த, பூட்டக்கூடிய அறை என்பதால் விளக்கறையைச் சர்வருக்கு ஒதுக்கியிருந்தார்கள். வாசலில் சிம்பாயா என்ற காவல்காரக் கிழவர் நாற்காலியை விட்டு எழாமலே அவர்களை மேலும் கீழும் பார்த்திருந்தார்.

"பொம்பளையக் கூட்டிட்டு வந்திருக்கியா? அந்தக் காலத்துல இந்த வாசப்படிய மிதிக்க விடமாட்டாங்க. குழி கோவிச்சுக்கும்."

"குழியத்தான் மூடியாச்சே பெரியவரே," என்றான் கபாசோ. "இனி யாரு கோவிச்சுக்கப் போறா?"

"மூடுனது வாயத்தான்டா," என்றார் கிழவர். பிறகு லுகொண்டேயின் காலடியில் வேண்டுமென்றே துப்பினார்.

அறை நீளமாக இருந்தது. ஒரு பக்கச் சுவர் முழுக்க இரும்புக் கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் மங்கிய எண். குழிக்குள் இறங்குகிறவன் தன் பித்தளை வில்லையை அங்கே மாட்டிவிட்டு விளக்கை எடுத்துப் போவான். மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்துவிட்டு வில்லையை எடுத்துக்கொள்வான். எல்லாக் கொக்கிகளும் காலியாக இருந்தன, அடிவரிசையில் ஒன்றைத் தவிர. அதில் கறுத்துப்போன ஒரு வில்லை தொங்கியது.

"ஒருத்தன் இன்னும் டூட்டி முடிக்கல," என்று சொல்லி கபாசோ அதை விரலால் சுண்டினான்.

அறையின் கோடியில், குழிக்குப் போகும் வழியைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். வெள்ளைக்கு அடியில் கதவின் வடிவம் மட்டும் ஈரக்கறையாகத் தெரிந்தது. சுண்ணாம்பு வாசனைக்குக் கீழே வேறொரு வாடை இருந்தது. பூண்டு மாதிரி. சின்ன வயதில் அப்பாவின் பழைய கார்பைடு விளக்கைத் திறந்தால் வரும் வாடை. கபாசோ மதியம் தின்றது ஷிமா என்ற சோளக்களியும் கருவாடும்தான்; அதில் பூண்டு இல்லை.

அவர்கள் வாசல் பக்க மூலையில் ரப்பர் விரிப்பைப் போட்டு இயந்திரத்தை நிறுத்தினார்கள். அட்டையை உரித்ததும், இடுப்புயரக் கறுப்பு உலோகக் கோபுரமாக அது நின்றது. பின்பக்கம் காற்று போக இடம் விட்டார்கள். லுகொண்டே பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். உடம்பிலிருக்கும் மின்சாரம் பாய்ந்து உள்ளிருப்பது கருகிவிடாமலிருக்க மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, அதன் சுருள் கம்பியின் கவ்வியை இயந்திரத்தின் சட்டத்தில் மாட்டினாள். பிறகு நினைவகத் தகடுகளை விளிம்பைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் வைத்து, இருபுறமும் கட்டைவிரலால் அழுத்தினாள். டிக் என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும்.

அடுத்ததை அழுத்தினாள். டிக்.

எதையும் அழுத்தாதபோதும் ஒரு டிக் கேட்டது.

தலையைத் திருப்பினாள். கபாசோ சுண்டிய வில்லை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவன் சுண்டி எவ்வளவோ நேரமாகியிருந்தது. கொக்கியில் பட்டு, விலகி, பட்டு, விலகி, நிற்கும் எண்ணமே இல்லாத ஆட்டம்.

அப்போது மின்சாரம் போனது.

"புடுங்கிட்டானுங்க," என்று கபாசோ திட்டினான். "இன்னிக்கு நம்ம பக்கம் வெட்டு இல்லன்னு சொன்னானுங்களே! இரு, ஜெனரேட்டரப் போட்டுட்டு வரேன். உன் போனக் குடு."

"அப்ப எனக்கு வெளிச்சம்?"

"இருட்டுல என்ன, புருஷனத் தேடப் போறியா? குடுடி."

கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே மாலை வெயில் இன்னும் இருந்திருக்கும். இங்கே அதன் ஒரு நூல்கூட நுழையவில்லை. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இருட்டு கண்ணுக்குப் பழகும் என்று காத்திருந்தாள். அது பழகவில்லை. வில்லையின் சத்தம் மட்டும், சுவரோரமாக.

திடீரென்று, நெடுநாள் காய்ந்து கிடந்த தகரக் கூரைமேல் அந்த வருஷத்தின் முதல் மழை கல்லைக் கொட்டியதுபோல் விழுந்தது. மற்ற எல்லாச் சத்தமும் அதற்குள் அமிழ்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் புறங்கையில் ஒரு சொட்டு பட்டது. இன்னொன்று தகட்டின்மேல் தட்டென்று விழுந்தது. அவள் பதறித் தடவிப் பார்த்தாள். கூரை ஒழுகியது, நேராகத் திறந்து கிடந்த இயந்திரத்தின்மேல். மேலங்கியைக் கழற்றிப் போர்த்தினாள். அதுவும் நொடியில் நனைந்தது. கதவடியிலிருந்து தண்ணீர் தரையோடு வந்து அவள் காலைத் தொட்டது. அறைக் கோடியில், அடைத்த சுவரோரம் மட்டும் தரை மேடாக இருந்தது அவளுக்கு நினைவிருந்தது. அங்கே கொண்டுபோகவேண்டும். தனியாக முடியாது. இழுத்தால் அதன் கால் உடையும், சாய்ந்தால் எல்லாம் போகும்.

"அண்ணே!" என்று கத்தினாள். "கபாசோ அண்ணே! தண்ணி வருது, ஓடி வா!"

மழைக்கு நடுவில் காலடி கேட்டது. கனத்த ரப்பர் பூட்ஸ், தண்ணீரில் சளக் சளக்கென்று. அப்பாடா என்றிருந்தது. காலடி இயந்திரத்தின் எதிர்ப்பக்கம் வந்து நின்றது. குனியும்போது எலும்பு சொடுக்கும் சத்தம். நனைந்த தோல் வாடை.

அந்த ஊரில் சோபா தூக்கினாலும் சவப்பெட்டி தூக்கினாலும் ஒரே முறைதான். சுரங்கத்தில் அடிபட்டவனைத் தூக்கி வருகிறவர்கள் பழக்கிவிட்டது. ஒரு முனைக்காரர் கேட்கவேண்டும், மறுமுனைக்காரர் பதில் சொல்லவேண்டும். பதில் வந்த பிறகு நான்கு கைகளும் ஒரே ஆளின் கைகள். முன்னால் போகிறவர் வழி சொல்வார், பின்னால் வருபவர் கேட்டு நடப்பார். 'எறக்கு' என்று ஒருவர் சொல்லி, மற்றவர் அதையே திருப்பிச் சொல்லும்வரை யாரும் விரலை எடுக்கக்கூடாது. லுகொண்டே நடக்கப் பழகிய காலத்திலேயே இதையும் பழகியிருந்தாள். யோசிக்காமல் வாய் கேட்டது.

"புடிச்சியா?"

"புடிச்சேன்," என்றது எதிர்ப்பக்கம். தொண்டை கட்டிய குரல். "நீ?"

"புடிச்சேன்."

எழுந்தது. துளியும் கனமில்லை.

"கோடிக்குப் போ அண்ணே. அந்த மேட்டுக்கு. மெதுவா, எனக்கு ஒண்ணும் தெரியல."

எதிர்முனை நகர்ந்தது. அவள் பின்னால் நடந்தாள். ஒரு கையின் மணிக்கட்டிலிருந்து சுருள் கம்பி இன்னும் சட்டத்தில் மாட்டியிருப்பது அப்போதுதான் உறைத்தது. பரவாயில்லை, இறக்கியதும் கழற்றிக்கொள்ளலாம். வலப்பக்கம் கொக்கிகள் தோளை உரசிக்கொண்டே வந்தன. கொக்கி, கொக்கி, கொக்கி. பூண்டு வாடை மூக்கை எரித்தது. தண்ணீர் காலுக்கடியிலிருந்து விலகித் தரை காய்ந்தது. மேடு வந்துவிட்டது.

"போதும். எறக்கு."

பதிலில்லை. நடை நிற்கவில்லை.

"எறக்கு அண்ணே. சுவர்ல இடிக்கப் போற."

அந்நேரம் வெளியே, மழைக்கு அப்பால், கட்டடத்தின் பின்புறத்திலிருந்து ஜெனரேட்டர் இருமி நின்றது. தொடர்ந்து கபாசோவின் குரல், தெளிவாக, எரிச்சலாக: "ஏய் லுகொண்டே! டீசல் கேனை எங்கடி வெச்ச?"

அவள் கால் நின்றது. இயந்திரம் நிற்கவில்லை. கைகள் நீண்டன. கால் தானாக எட்டு வைத்தது.

விட்டுவிடு என்றது மனம். விட்டால் கீழே விழும். விழுந்தால் உடையும். உடைந்தால் கல்லாப்பெட்டி, முதலாளியின் சிரிப்பு, பெண் என்ற சொல். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் அந்தப் பயம் இந்தப் பயத்தைவிடப் பழையது, விரல்களுக்கு அதுதான் பழக்கம். அவள் இன்னும் சில எட்டு நடந்தாள். அந்தச் சில எட்டு.

"எறக்கு," என்றாள். "எறக்கு. எறக்கு!"

வலப்பக்கம் கொக்கிகள் முடிந்தன. இந்நேரம் சுவர் வந்திருக்கவேண்டும்.

வரவில்லை.

முகத்தில் காற்று பட்டது. கீழிருந்து வரும் காற்று. வெதுவெதுப்பாக, ஈரமாக.

விட்டாள்.

எதுவும் விழவில்லை. கம்பி இறுகியது. மணிக்கட்டை இழுத்தது. மறுகையால் பட்டையைப் பிய்க்கப் போனாள். அந்தக் கையை ஒரு கை பிடித்தது. நனைந்த தோலுறை. முரடில்லை, அவசரமுமில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உலோகத்தின் அடியில் கொண்டுபோய், ஒவ்வொன்றாக மடித்து வைத்தது. மற்றக் கையையும் எடுத்தது. அதையும் வைத்தது.

"முன்ன ஒருத்தன் விட்டுட்டான்," என்றது அந்தக் குரல். காதுக்கு மிக அருகில். "நீ புடிச்சேன்னு சொன்ன."

பிறகு எதிர்முனையிலிருந்து:

"படி."

அந்த அறையில் படி இல்லை. அவளுக்குத் தெரியும். வெளிச்சத்தில் பார்த்த அறை.

அவள் கால் முதல் படியைத் தொட்டது.

"படி."

இரண்டாவது.

மேலே ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. விளக்கு வந்தது. அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால், சற்று மேலே, கதவளவு வெளிச்சம். அதற்குள் வெள்ளை அறை, நனைந்த ரப்பர் விரிப்பு, சாய்த்து வைத்த பக்கத் தகடு. கபாசோ உள்ளே வந்தான். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. மூலையைப் பார்த்தான், காலி அட்டைப்பெட்டியைப் பார்த்தான்.

"லுகொண்டே? அடியே, தனியாவா தூக்கிட்டுப் போன?"

அவள் கத்தினாள். அவன் பெயரைச் சொல்லி, தொண்டை கிழியக் கத்தினாள். அவன் திரும்பவில்லை. கொக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடிவரிசையில் கறுத்த வில்லைக்குப் பக்கத்தில் இன்னொன்று ஆடிக்கொண்டிருந்தது. புதுப் பித்தளை, பளபளவென்று.

பிறகு அவன் நேராக அவளை நோக்கி நடந்து வந்தான். கோடிவரை வந்தான். கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். அவள் போனின் வெளிச்சத்தை அவள் முகத்திலேயே அடித்தான். அவன் கண்கள் அவளைக் கடந்து எதையோ மேய்ந்தன. கையைத் தூக்கினான். ஒன்றுமில்லாத வெளியில் அவன் உள்ளங்கை தட்டையாகப் பதிந்தது. ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பவன்போல் தடவினான். விரல் நுனியில் ஒட்டிய சுண்ணாம்பைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"படி," என்றது முன்னாலிருந்து.