முட்டை ட்ரேயில் செத்த திரை

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.40. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் நாச்சிமுத்துவின் கோழிப்பண்ணை. மூன்றாம் ஷெட்டில் நானூற்றுப் பன்னிரண்டு கோழிகள் வெக்கை தாங்காமல் செத்துக் கிடந்தன. தலைக்கு மேலே குழாய் இருந்தது, குழாயில் தண்ணீர் இருந்தது, அதைப் பனிபோல் தூவும் ஃபாகரும் இருந்தது. ஆனால் அது ஓடவில்லை.

பழி மாரியாயி மேல் விழுந்தது. பதினோரு வருஷமாக அந்த ஷெட்டில் முட்டை பொறுக்குகிறவள்; வெக்கை ஏறினால் போன் செயலியில் பொத்தானை அமுக்கி ஃபாகரை ஓட்டுவதும் அவள் வேலைதான். நாச்சிமுத்து ஷெட் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை, காலை 10.15. பண்ணையின் போன் செயலியை எழுதிய குமாரபாளையத்து ஈஸ்வர், சேலத்திலிருந்து ஹெலனை அழைத்து வந்தான். செயலிகளைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு. வாய் கம்மி, கண் அதிகம். வாசலில் ஊதாநிற மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே போனாள். மாரியாயியும் அங்கேதான் நின்றிருந்தாள். போகச் சொன்னால் போய்விடுகிற ஆளா அவள்?

"நேத்து என்னங்க நடந்துச்சு?" என்று கேட்டாள் ஹெலன்.

"வெப்பம் அளக்கற ஷெட்டுப் பெட்டியில எல்லாம் பதிவாயிருக்குதுங்க" என்று நாச்சிமுத்து ஒரு காகிதத்தை நீட்டினார்.

1.52.07: போன் வெப்பம் எவ்வளவு என்று கேட்டது. 1.52.11: நாற்பத்தொன்று என்று பெட்டி பதில் சொன்னது. அந்தப் பதிலைப் பார்த்ததும் செயலி ஃபாகரை ஓட்டியிருக்க வேண்டும். ஆனால் அதே 1.52.11க்கு செயலி மூடிக்கொண்டது.

"அமுக்கிப்போட்டு மூடீட்டா. படம் பாக்கறதுக்கு!" என்று மாரியாயியைக் கைகாட்டினார்.

"நான் மூடலீங்க. மாரியாத்தா மேல ஆணைங்க. அமுக்கிப்போட்டு முட்டை பொறுக்கப் போனனுங்க."

"முன்னாடி எப்பவாவது தானா அணைஞ்சிருக்காக்கா?"

"அப்பப்ப அணையுமுங்க, அம்மிணி. அணைஞ்சது கண்ணுல பட்டா மறுபடி தொறப்பேன். போனுன்னா அப்படித்தான்னு நெனச்சுப்போட்டனுங்க."

ஈஸ்வருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதே ஷெட்ல நூறு தடவ பார்த்துட்டேன் மேடம். ஒரு வாட்டிகூட அணையல." போனை நேராகப் பிடித்து, அமுக்கி, பதில் வரும்வரை வைத்த கண் வாங்காமல் நின்றான். நான்கு நொடி. மேலே ஃபாகர் உஸ்ஸென்று தூவியது.

ஹெலன் மாரியாயியின் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உறையின் நீளமான விளிம்பு நெடுகக் காய்ந்த மஞ்சள் கரு, அதில் ஒட்டிய ஒரு சிற்றிறகு. அடியிலிருந்த குட்டை விளிம்பு படுசுத்தம்.

11.05. "அக்கா, நேத்து பண்ணின மாதிரியே பண்ணிக் காட்டுங்க. ஒண்ணையும் மாத்தாதீங்க."

மாரியாயி பொத்தானை அமுக்கினாள். அமுக்கிய கையோடு போனைப் படுக்கைவாட்டில் முட்டை ட்ரேயின் குழிகளுக்கிடையே செருகினாள். திரை சுழன்று அகலமானது. அவளுடைய இரண்டு கைகளும் முட்டைக்குப் போயின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. செயலி பொசுக்கென்று மறைந்தது. ஃபாகர் வாயைத் திறக்கவில்லை.

"ஏங்க்கா குறுக்கால வெச்சீங்க?"

"நட்டமா வெச்சா உழுந்துருமுங்க. குறுக்கால வெச்சாத்தான் ட்ரேயில நிக்கும். பொறுக்கறதுக்கு ரெண்டு கையும் வேணுமில்லீங்க?"

"கொன்ன ஆளு இங்கதான் இருக்காங்க" என்றாள் ஹெலன். நாச்சிமுத்து மாரியாயியைப் பார்த்தார். ஹெலன் பார்த்தது ஈஸ்வரை.

"போனைச் சாய்ச்சா திரைக்கு என்ன ஆகும், ஈஸ்வர்?"

அவன் முகம் வெளுத்தது. "இருக்கிற திரை அழிஞ்சிடும் மேடம். அந்த இடத்துல புதுசா ஒண்ணு பிறக்கும்."

"அட ஆத்தா! ஒவ்வொரு வாட்டியும்ங்களா?" மாரியாயி வாயில் கை வைத்தாள்.

"இந்தச் செயலியில ஒவ்வொரு வாட்டியும்தான்க்கா. கண்ணுக்கே தெரியாம."

யோசித்துப் பாருங்கள். உள்ளங்கை அகலக் கண்ணாடிக்குள் ஒரு சாவும் ஒரு பிறப்பும் நடக்கிறது, பிடித்திருக்கிற கைக்குத் தெரியவில்லை. சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கிறது.

ஹெலன் தொடர்ந்தாள். "கேள்வி கேட்டது பழைய திரை. பதில் வர நாலு நொடி. அதுக்குள்ள அது செத்துப்போச்சு. பதில் வந்து, தன்னை எழுத வேண்டிய இடத்தத் தேடுது. அங்க ஒண்ணுமே இல்ல. இல்லாத இடத்துல எழுதப் போனதும் செயலி மொத்தமா உழுந்துடுச்சு. புதுத் திரை உயிரோட பக்கத்துலயே நிக்குது, ஆனா பதிலை அதுக்கிட்டக் குடுக்கச் சொல்லி நீ எழுதவே இல்ல. நூறு வாட்டியும் நேரா பிடிச்சே பார்த்த. முட்டை பொறுக்குறவங்க போனை எங்க வைப்பாங்கன்னு ஒரு வாட்டி பார்த்தியா?"

ஈஸ்வர் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தான். வந்த பதிலைத் திரையோடு சாகாத ஓரிடத்தில் வைத்தான். எந்தத் திரை பிறந்தாலும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஃபாகரை ஓட்டும் பொறுப்பையும் திரையிடமிருந்து பறித்து அந்த இடத்திடமே கொடுத்தான்.

1.52. வெப்பம் நாற்பது. மாரியாயி அமுக்கினாள், குறுக்கே செருகினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு அந்த நீண்ட ஷெட் முழுக்க வெள்ளைப் பனி இறங்கியது. ஆயிரக்கணக்கான கழுத்துகள் ஒரே நேரத்தில் மேலே நிமிர்ந்தன. ஹெலன்கூட அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாள்.

நாச்சிமுத்து ஈரத்தலையோடு மாரியாயிக்கு முன்னால் போய் நின்றார். "தப்பாப் பேசிப்போட்டேன், மாரியாயி" என்று சாவியை நீட்டினார்.

அவள் இரண்டு கைகளிலும் முட்டை.

"அந்த ட்ரேயில வெய்யுங்க" என்றாள். "கை காலியில்லீங்க."