பச்சை எழுந்து நிற்குமா?

பச்சை இன்று காலையும் எழுந்து நிற்கவில்லை.

ஜெயஸ்ரீ மொட்டைமாடிக் கதவைத் திறந்ததுமே தண்ணீர்த் தொட்டி ஓரம் பார்த்தாள். நேற்று உட்கார்ந்த இடத்திலேயே, ஒரு வெள்ளைத் தலையணை மாதிரி அது உட்கார்ந்திருந்தது. அவளைக் கண்டதும் "கீ... கீ..." என்றது. உடம்புதான் பெரிசு. குரல் இன்னும் குஞ்சுக் குரல்.

பச்சை ஒரு வெள்ளைக் கோழி. மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் சாயம் பூசிய குஞ்சுகள் விற்றவரிடம் வாங்கியபோது அது பச்சையாக இருந்தது. கூடவே வாங்கிய இன்னொன்று ரோஸ் நிறம். சாயம் போய்விட்டது. பெயர்கள் மட்டும் ஒட்டிக்கொண்டன.

ரோஸ் இப்போது ஒரு புறா அளவுதான். கைப்பிடிச் சுவர் மேல் பறந்து ஏறிவிடும். பச்சையைத் தூக்கவோ இரண்டு கையும் வேண்டும்.

துணிக்கடை வேலைக்குக் கிளம்பிய அப்பா மாடிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி ஜெயா, இது எந்திக்கவே மாட்டேங்கு. கெடந்து கஷ்டப்படுதுல்லா? ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம். இல்லன்னா ருக்சார் அத்தா கடையில குடுத்துருதேன்."

ருக்சார் அவளுடன் படிப்பவள். அவள் அப்பா வைத்திருப்பது கோழிக்கறிக் கடை.

"குடுத்தா என்னப்பா ஆகும்?"

அப்பா செருப்பைக் காணோம் என்று தேடினார். அது அவர் காலில்தான் இருந்தது.

துணி காயப்போட வந்த கீழ்வீட்டு மாணிக்கவாசகம் மாமா தள்ளியே நின்றுகொண்டார். "ஊசி போட்டுப் பெரிசா வளத்த கோழி பாப்பா அது. கிட்ட போவாத."

"யாரு மாமா போட்டா? குஞ்சுல இருந்து நான்தானே வளக்கேன்! ரெண்டும் ஒரே தட்டுலதான் தின்னுச்சு."

"யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, மாமா தன் பனியனைக் கோழிக்கு எட்டாத கொடிக்கு மாற்றினார்.

ஜெயஸ்ரீ பச்சையையே பார்த்தாள். ஊசி இல்லை. அப்படியென்றால் தவறு யாருடையது? தன்னுடையதா?

மதியம் பள்ளியில் ஜெயஸ்ரீயின் டிபன் பாக்ஸ் திறந்தபடியே இருந்தது.

"இன்னாடி, சாப்பிடாம பாத்துக்கினே கீற?" என்றாள் ருக்சார்.

ஜெயஸ்ரீ எல்லாவற்றையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லும்போது டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

"ஊசிலாம் கெடையாது. எங்க கடைக்கு வர்றவங்களும் அதையேதான் கேப்பாங்க. கேட்டுக்கினே ரெண்டு கிலோ வாங்கினு போவாங்க" என்றாள் ருக்சார். "பண்ணைல, கூட்டத்துல எது சீக்கிரமா பெரிசா வளருதோ, அதோட முட்டையைத்தான் பொரிக்க வெப்பாங்களாம். அந்தக் குஞ்சுங்கள்ல எது பெரிசோ, அப்பால அதோட முட்டை. எங்க அத்தா பொறக்கறதுக்கு முன்னாலருந்தே இப்டித்தான். தீனியும் நல்ல தீனி. அதான் வருசத்துக்கு வருசம் கோழி பெரிசாய்க்கினே போவுது. உன் பச்சை அந்த ஜாதி. ரோஸ் முட்டைக்கோழி ஜாதி."

ஜெயஸ்ரீ யோசித்தாள். "பெரிசு பெரிசுன்னு பாத்துப் பொறுக்குனாங்க. காலு தாங்குமான்னு பாத்தாங்களா?"

ருக்சார் கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்தாள். "அத நான் கேட்டதில்லடி."

வீடு திரும்பும் வழியெல்லாம் ஜெயஸ்ரீ தான் செய்ததை எண்ணிப் பார்த்தாள். பச்சை கத்தும்போதெல்லாம் குருணை போட்டாள். நடந்தால் கஷ்டப்படுமே என்று தட்டையும் தண்ணீரையும் அதன் அலகுக்குக் கீழேயே வைத்தாள். வேகமாக வளரும் உடம்புக்கு இன்னும் வேகம் கொடுத்தாள். கால்களுக்கோ வேலையே கொடுக்கவில்லை.

அன்று மாலை தண்ணீரை அங்கேயே விட்டுவிட்டு, தட்டில் கொஞ்சமாகக் குருணை போட்டு இரண்டு அடி தள்ளி வைத்தாள்.

பச்சை தட்டைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. "கீ... கீ... கீ..."

தட்டை நகர்த்த அவள் கை தானாகவே போனது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என் மேல கோவமா? கோவப்பட்டுக்கோ. ஆனா எந்திரி."

பச்சை கத்திக்கொண்டே இருந்தது. ஜெயஸ்ரீயின் கண்ணில் நீர் முட்டியது. பட்டினியிலேயே செத்துப்போய்விட்டால்?

வெகுநேரம் கழித்துப் பச்சை இறக்கைகளைத் தரையில் ஊன்றியது. ஆடிக்கொண்டே எழுந்தது. ஓர் அடி வைத்துப் பொத்தென்று உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது. அலகு தட்டைத் தொட்ட பிறகுதான் ஜெயஸ்ரீ மூச்சு விட்டாள்.

மறுநாள் தட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். காலையும் மாலையும் மட்டும்தான் தீனி. சனிக்கிழமை மாலை பச்சை பாதி வழியில் உட்கார்ந்தது. அப்புறம் எழவே இல்லை. கடைசியில் அவளே தட்டைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். சோறு இறங்காமல் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பிரம்புக் கூடையுடன் மாடிக்கு வந்தார். கூடையை அவர் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தார். கூடை பெரிசு, மறையவில்லை.

"கொஞ்சம் இருங்கப்பா" என்றாள் ஜெயஸ்ரீ. மாடியின் அந்தக் கோடிக்குப் போய்த் தட்டை வைத்தாள்.

பச்சை அசையவில்லை. அப்பா ஓர் அடி முன்னால் வந்தார்.

"இருங்கப்பா!"

சுவரிலிருந்து குதித்த ரோஸ் நேராகத் தட்டுக்கு ஓடி, கொத்த ஆரம்பித்தது. பச்சை கழுத்தை நீட்டிப் பார்த்தது. எழுந்தது. ஆடி ஆடி நடந்தது. நடுவில் உட்கார்ந்தது. ஜெயஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏட்டி, கண்ணத் தொற" என்று அப்பா கிசுகிசுத்தார்.

பச்சை மறுபடி எழுந்து நடந்து, தட்டை எட்டி, ரோஸை ஒரே இடியில் நகர்த்திவிட்டது.

"எந்திக்க மாட்டேங்குன்னீங்களே, சண்டைக்கே போகுது பாருங்க!"

அப்பா சிரித்தார். கையில் இருந்த கூடையைப் பார்த்தார். அதைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, இரண்டும் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.