அறிவரசனை அழைத்து வருதல்

சட்டை ஈரமாக இருந்தது. செத்து நாற்பது நாள் ஆனவனின் சட்டை, சார்ஜாவில் மடித்துப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு விமானத்தில் வந்தது. அக்குளிலும் காலர் ஓரத்திலும் சற்று முன்புதான் கழற்றிப் போட்டதுபோல வியர்வை நசநசத்தது. சென்னை விமான நிலைய வாசலில் நின்றபடி வெற்றிச்செல்வி விரலை முகர்ந்து பார்த்தாள். சிமெண்டும் தேங்காயெண்ணெயும் கலந்த நெடி. தம்பி அறிவரசனின் வாசனைதான்.

"ஏம்ப்பா ஈரமா இருக்கு?"

சட்டையைக் கொண்டுவந்த முத்தமிழ்செல்வன் பாடாலூர்க்காரன், அங்கே அறிவரசனோடு ஒரே அறையில் இருந்தவன். பையைக் கொடுத்ததும் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான். "ஏசியில வந்ததுல்லக்கா, அதான்," என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஊருக்குக் கார் பிடித்திருக்கிறானாம், ஆனால் அக்காவுக்கு அதில் இடமில்லையாம். ஒற்றை ஆளுக்குப் பிடித்த காரில் இடமில்லாமல் போகுமா என்று அவளுக்குச் சுருக்கென்றது. கேட்பதற்குள், "நீங்க கூட்டிட்டுப் போயிருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடாத குறையாகப் போய்விட்டான்.

கூட்டிக்கொண்டு போகத்தான் அவள் ஆண்டிமடத்திலிருந்து வந்திருந்தாள். வெளிநாட்டில் செத்தவனை அங்கேயே எரித்துவிட்டால், உடுத்தின துணியோடு ஆளையும் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் என்பது அவர்கள் வகையறாவின் வழக்கம். அவனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க வேண்டும். பக்கத்தில் இடம் விட வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் பேரைச் சொல்லி வாய்விட்டு அழைக்க வேண்டும். போகிறவள் கூடப்பிறந்தவளாக இருக்க வேண்டும், பெண்டாட்டி ரயிலடியில் காத்திருக்க வேண்டும். கிளம்பும்போது அறிவரசனின் மனைவி மலர்க்கொடி அவள் கையை விடவே இல்லை.

"பேர விட்டுறாதீங்க அண்ணி. அங்க இவரு மாதிரி எத்தன பேரு நிக்கிறாங்களோ. ஒரு தடவ வூட்டுக்கு வந்துட்டுப் போனாருன்னா எனக்குப் போதும்."

எழும்பூருக்கு மெட்ரோவில் இரண்டு டிக்கெட் எடுத்தாள். கதவு திறந்ததும், "அறிவரசா, ஏறு," என்றாள். அங்கன்வாடியில் பதினைந்து வருஷம் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தேய்ந்த குரல், பெட்டி முழுக்கக் கேட்டது. எதிரே இருந்த இரண்டு பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

பையைப் பக்கத்து இருக்கையில் வைத்து, ஒரு கையை அதன் மேல் போட்டுக்கொண்டாள். ஒரு பெரியவர் வந்து, "ஆளு வருதாம்மா?" என்று கேட்டார்.

"வருதுங்க."

ஆலந்தூரில் வண்டி மாற வேண்டும். பையன்கள் இன்னும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் பின்னாலிருந்து நெட்டியது. வாயைத் திறந்தாள். பேர் தொண்டை வரைக்கும் வந்தது. மானம் பெரிசா, பேர் பெரிசா என்று யோசிக்கக்கூட நேரமில்லை. "வா, வா," என்று முனகிவிட்டு இறங்கினாள். அதே முனகலோடு படியேறி, அடுத்த வண்டியிலும் ஏறிவிட்டாள்.

கதவு மூடிக்கொண்டது.

உட்கார்ந்ததும் பைக்குள் கையை விட்டாள். சட்டை காய்ந்திருந்தது. வெயிலில் நாளெல்லாம் கிடந்த துணிபோல மொடமொடவென்று இருந்தது. முகர்ந்தாள். சோப்புத் தூள் வாசனை மட்டும் வந்தது.

இதெல்லாம் மனப்பிரமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அறிவரசனுக்குப் பேர் எதற்கு? சின்ன வயசில், 'வா' என்று சொல்லி முடிப்பதற்குள் வந்து நிற்கிறவன்தானே. ஆனாலும் கண் சும்மா இருக்கவில்லை. எதிர்வரிசை இருக்கைகள் காலியாகக் கிடந்தன. நிற்கிற ஆட்களோ கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வடபழனியில் ஏறிய ஒரு பெண் உட்காரப் போனவள், யார் மடியிலோ உட்கார இருந்ததுபோலச் சங்கடமாகச் சிரித்து விலகிப் போனாள். கோயம்பேடு தாண்டி வண்டி நிலத்துக்கு அடியில் இறங்கியதும், ஏசிக் குளிரில் எதிர்ச் சன்னல் கண்ணாடி மட்டும் புகைந்தது. இருக்கைக்கு ஒரு திட்டாக, தலை உயரத்தில் புகைந்தது. இப்போது வாசனை வந்தது. டீசல், பழைய செருப்பு, யாரோ போட்ட மலிவு அத்தர், இன்னொருவரின் தைலம், பல பேருடைய வியர்வை. அதில் தேங்காயெண்ணெய் இல்லை.

அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

எழும்பூரில் வெளியேறும் கதவில் தன் டிக்கெட்டைக் காட்டினாள். திறந்து மூடியது. கம்பிக்கு மேலே கையை நீட்டி அறிவரசனின் டிக்கெட்டைக் காட்டினாள். திறந்தது. மூடவில்லை. மூட வந்த தடுப்பு பாதியில் எதிலோ இடித்ததுபோல நின்று, விலகி, மறுபடி வந்து, மறுபடி விலகியது. பீப், பீப் என்று கத்தியது. காவலாளி வந்து ஒரு தட்டு தட்டினார். "எத்தன பேரும்மா வந்தீங்க?" என்றார். ஒருத்திதான் நிற்கிறாள் என்று பார்த்துவிட்டு அவரே குழம்பினார்.

ஆலந்தூருக்குத் திரும்பிப் போய்விடலாமா? அரியலூர் வண்டிக்கு இருபது நிமிஷம்தான் இருந்தது. அப்போது மலர்க்கொடி போன் செய்தாள்.

"வராரா அண்ணி?"

பொய் சொல்ல நினைக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. "வரான்ம்மா. பக்கத்துலதான் இருக்கான்."

சொன்ன பிறகு திரும்பிப் போக முடியவில்லை. போனால் பொய் வெளிச்சமாகிவிடும், போகாவிட்டால் தம்பி அங்கேயே நிற்பான். தெரிந்தேதான் அரியலூர் வண்டியில் ஏறினாள். விழுப்புரம் தாண்டும்வரை காய்ந்த சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பகல் வண்டி, உட்கார இடமில்லாத கூட்டம். அவளைச் சுற்றி மட்டும் ஒருவரும் நெருங்கவில்லை. காலடியில் மணல் நெறுநெறுத்தது. ஏறும்போது அது இல்லை. வெளிறிய, மாவு போன்ற மணல். நம்மூர் ஆற்றில் அப்படி மணல் கிடையாது. மேலே பெட்டிகள் வைக்கும் பலகை, ஆள் ஏறிப் படுத்ததுபோல முனகியது. பக்கத்துக் கம்பி அசைந்தது. அப்புறம் அடுத்தது.

அவள் தலை நிமிரவே இல்லை.

அரியலூர். நல்ல வெயில். நடைமேடையில் சிமெண்டுப் புழுதி. நேர் எதிரே மலர்க்கொடி, தலைக்குக் குளித்து, கல்யாணப் புடவை கட்டி, சொம்பில் தண்ணீரோடு நின்றாள். ஆறு வருஷம் கழித்து வருகிற புருஷனைப் பார்க்க நிற்கிறவள் மாதிரியே நின்றாள்.

வெற்றிச்செல்வி இறங்கினாள். வெறும் சட்டையை நீட்டிப் பிடித்தாள். இவளுக்காகவாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அறிவரசா, இறங்கு."

பின்னால் பெட்டியின் படி கிறீச்சிட்டது.

மலர்க்கொடியின் முகம் மலர்ந்தது. பிறகு மாறியது. வழி விடுகிறவள்போல ஓர் அடி பின்னால் வைத்தாள்.

படி கிறீச்சிட்டது.

இன்னோர் அடி.

மறுபடி படி. மறுபடி.

அவள் வெற்றிச்செல்வியைப் பார்க்கவே இல்லை. தோளுக்குப் பின்னால், ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். இவர் இல்லை. இவரும் இல்லை. வண்டி ஊதியது. அவள் முதுகு நிலையச் சுவரில் முட்டியது. அதற்கு மேல் நகர இடமில்லை. சொம்பு சாய்ந்து தண்ணீர் சிமெண்டில் ஓடியது.

"அண்ணி," என்றாள். உதடு மட்டும் அசைந்தது. "அவரு எங்க?"

படி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.