நக்கிப் பார்க்காத மூட்டை

போன் அலறியது.

போலீஸ் கேப்டன் எல்மூராத் எடுத்தார். மத்னியோஸ் தன் பருத்திக்காட்டு வாய்க்காலில் பிணமாகக் கிடக்கிறானாம்...

பின்மண்டையில் காயம். உடம்போ குப்புற!

பாலைவனத்தை ஒட்டிய கிவா பக்கம் மழை என்பது பேருக்குத்தான். அந்த வறட்சியில் பருத்திக்குத் தெம்பு கொடுப்பது பொட்டாஷ் உரம். மத்னியோஸின் செடிகளோ இலையோரம் கருகி நின்றன. அரசு கொடுத்த பொட்டாஷை விற்றுவிட்டு உப்பைப் போட்டிருக்கிறான், அவமானத்தில் விழுந்து செத்தான் என்று மதியத்துக்குள் ஊர் தீர்ப்பே எழுதிவிட்டது. பாவிகள்!

"திருடன்னு சொல்லி அவரைப் புதைச்சிடாதீங்க சார்," என்றாள் மனைவி ஓய்ஜமோல். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

கொட்டகையில் பிரிக்காத மூட்டை ஒன்று மிச்சம் இருந்தது. எல்மூராத் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். பொட்டாஷ் என்றால் கசக்கும். இது பொட்டாஷின் சிவப்பு நிறம் வரச் செங்கல் பொடி கலந்த வெறும் உப்பு.

அவருக்குக் குழப்பம். உப்பு பூத்த மண்ணில் பிழைக்கிற ஜனம். மண்ணையே நக்கிப் பார்த்துத்தான் விதைப்பார்கள். மத்னியோஸ் அதிலும் ஒரு படி மேல். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுவான், ஊரே கிண்டல் பண்ணும்.

"இதை மட்டும் ஏம்மா பார்க்கல?"

ஓய்ஜமோல் மூட்டையின் வாயைத் தடவினாள்.

"பார்க்கத்தான் போனார்... நான்தான் கையைப் பிடிச்சேன். என் பிறந்த வீட்டு சரக்கை அவங்க முன்னாடி நக்கிப் பார்த்தா மரியாதையான்னு கேட்டேன்."

கொண்டு வந்தது உரக் கிடங்குக்காரன் ரஜப். அவள் கூடப்பிறந்த அண்ணன்.

வாசலில், அந்த ஊர்த் துக்க வழக்கப்படி இடுப்பில் துணி கட்டி, கைத்தடி ஊன்றி, துக்கம் கேட்க வருகிறவர்களை எல்லாம் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தான் அவன்!

எல்மூராத் எழுவதற்குள் ஓய்ஜமோல் மூட்டையில் கையை விட்டாள். முழங்கை வரை. ஒரு பிடி அள்ளிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனாள். கூட்டம் விலகியது.

"நக்குண்ணா."

ரஜப் அவள் கையைப் பார்த்தான். கைத்தடி கீழே விழுந்தது.

"அவனும் இப்படித்தான் நீட்டினான்," என்றான். "காலைல, வாய்க்கால் கரைல. 'நீயே ஊர்ல உண்மையைச் சொல்லிடு, நான் சொன்னா உன் தங்கச்சி தாங்கமாட்டா'ன்னான். சொல்லிட்டுத் திரும்பி நடந்தான்... மண்வெட்டி என் கையில இருந்துச்சு."

ஓய்ஜமோல் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அந்தப் பிடியை அவள் கடைசிவரை விடவே இல்லை.

எல்மூராத் விலங்கை மாட்டினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. நீ மூட்டை மூட்டையா இட்டிருக்க ரஜப்... நினைக்கத்தான் ஆளை விட்டு வைக்கல."