மூக்கைச் சொறிந்த புல்லாங்குழல்காரர்

துருவி எதையும் சட்டென்று நம்பிவிட மாட்டாள். பால்காரர் சுத்தமான பால் என்று சொன்னால், பாத்திரத்துக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வாள். எல்லாரிடமும் துருவித் துருவிக் கேட்பதால்தான் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயரே வந்தது.

அவளுடைய மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டும்போதும் பாட்டு, செயின் மாட்டும்போதும் பாட்டு. அதுவும் ஒரே பாடகியின் பாட்டு. அந்தப் பாடகி தங்கள் ஊருக்கே வருகிறார் என்று தெரிந்ததும் மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று மதியமே கடையைச் சாத்தினார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, துருவியையும் அழைத்துக்கொண்டு அரங்கத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அதே பாட்டு போனில் இருக்கும்போது எதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டும் என்று வழியெல்லாம் துருவி கேட்டுக்கொண்டே வந்தாள்.

"போன்ல பாட்டு மட்டும்தான் வரும். நேர்ல போனா ஆளே வருவாங்க. பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்கும், பாரேன்" என்றார் மாமா.

இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்தது. முதல் பாட்டு தொடங்கியதுமே மாமாவின் கண் கலங்கிவிட்டது. துருவியோ காதைத் தீட்டிக்கொண்டு அந்த மூச்சுச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவேயில்லை.

அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. பாடகி முகத்தைத் திருப்பினார், குரல் குறையவில்லை. மைக்கைத் தள்ளிப் பிடித்தார், அப்போதும் குறையவில்லை. துருவி புல்லாங்குழல்காரரைப் பார்த்தாள். அவர் மூக்கில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. அவர் குழலை இறக்கிவிட்டு மூக்கைச் சொறிந்தார். குழலோசை அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

துருவிக்குத் திக்கென்றது. எல்லாம் முன்பே பதிவு செய்த பாட்டு. மேடையில் இருப்பவர்கள் சும்மா நடிக்கிறார்கள்.

மாமாவிடம் சொல்லிவிடலாமா என்று திரும்பினாள். அவர் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வாய் வரை வந்ததைத் துருவி விழுங்கிக்கொண்டாள்.

இடைவேளை விட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு மேடைக்குப் பின்பக்கம் போனாள். அங்கே கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு மரப்பெட்டியின் மேல் பாடகி வெந்நீர் டம்ளருடன் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி அமைப்பாளர் ஏதோ கேட்க, அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தார். அமைப்பாளர் அந்தப் பக்கம் போனதும் துருவி உள்ளே நுழைந்தாள்.

"நீங்க பாடலதானே?" என்று நேராகவே கேட்டாள்.

பாடகி திடுக்கிட்டார். ஆனால் மறுக்கவில்லை. காலையிலிருந்து தொண்டை கட்டியிருப்பதாகக் காற்றுப்போன குரலில் சொன்னார். நிறுத்தினால் வந்தவர்கள் ஏமாந்துபோவார்களே என்று பயந்துதான் பதிவைப் போட்டார்களாம்.

"இந்தக் கரகர குரல யாரு கேப்பாங்க, கண்ணு?"

துருவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். இதுவும் நடிப்பாக இருக்குமோ? ஆனால் ஒரு வாய் குடித்ததும் அவர் விழுங்க முடியாமல் இருமினார். வெந்நீர் அவர் புடவையில் சிந்தியது.

"எங்க மாமா கேப்பாரு" என்றாள் துருவி. "நல்ல குரல் அவர்கிட்ட போன்லயே இருக்கு. இன்னிக்கு உங்களப் பாக்கத்தான் கடைய மூடிட்டு வந்திருக்காரு. முடிஞ்ச வரைக்கும் பாடுங்கக்கா. முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க."

பாடகி டம்ளரைக் கீழே வைத்தார்.

துருவி தன் இடத்துக்குத் திரும்பி நகத்தைக் கடித்தாள். மறுபடியும் வாயைத்தான் அசைக்கப் போகிறாரோ என்ற சந்தேகம் அவளை விடவில்லை.

திரை விலகியது. பாடகி மைக்கின் அருகே வந்து, நடந்ததை அப்படியே சொல்லி மன்னிப்புக் கேட்டார். இனி பதிவு கிடையாது, குரல் வந்த வரைக்கும் பாடுகிறேன், போக விரும்புகிறவர்கள் போகலாம் என்றார். அரங்கம் முணுமுணுத்தது. பின்வரிசையில் சிலர் எழுந்து நடந்தார்கள். மாமாவின் முகம் சுருங்கிப்போனது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

பாடகி மூச்சை இழுத்தார். துருவிக்கு அது கேட்டது.

குரல் தாழ்வாக, உரசி உரசி வந்தது. தாளக்காரர் அவருடைய உதடுகளையே பார்த்து வேகத்தைக் குறைத்தார். புல்லாங்குழல்காரர் இப்போது மூக்கைத் தொடவேயில்லை. பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் பாடகியின் குரல் உடைந்து நின்றுவிட்டது.

மாமா சட்டென்று எழுந்து அந்த வரியைப் பாடினார். சுருதி எங்கேயோ போனது. யாரோ சிரித்தார்கள். ஆனால் அடுத்த வரியில் முன்வரிசையும் சேர்ந்துகொண்டது, பிறகு பின்வரிசை, பிறகு எல்லாரும். வாசல் வரை போனவர்கள் நின்று திரும்பினார்கள். பாடகி சிரித்தபடி மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். எப்போது தொடங்கினாள் என்று தெரியவில்லை, துருவியும் பாடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சைகையிலேயே பேசினார். தொண்டைக்கு என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால் மட்டும் வாயைத் திறந்தார்.

"நேத்து அவங்களும் நானும் சேர்ந்து பாடினோம்ல."