முகப்புத் திரையில் நிறைமதி

ஊர்தி கிளம்பியதும் தவமணி முதலில் பார்ப்பது சாலையை அல்ல, மகளைத்தான். சாலையைப் பார்த்துக்கொள்ள ஊர்திக்கே கண்கள் இருக்கின்றன. செவ்வாயின் தெற்குக் குவிமாடத்திலிருந்து வடக்குக் குவிமாடத்துக்கு இரண்டு மணி நேரப் பயணம். செம்புழுதிக்குள் புகுந்து அது தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். ஓட்டுநர் என்று ஒருவர் உள்ளே உட்கார்ந்திருப்பது, ஏதாவது நடந்தால் பழிபோட ஓர் ஆள் வேண்டுமே என்பதற்காகத்தான்.

அவளுக்குப் பின்னால், காற்றும் கதகதப்பும் நிரப்பிய பின்வண்டியில் கீரை நாற்றுகள் வந்தன. வீட்டுக் கீழறையில் அவளே வளர்த்தவை. உயிர்ச்சரக்கு ஏற்றினால் பின்வண்டிக்குள் இருக்கும் கேமராவை முகப்புத் திரையில் இணைத்து, வழியெல்லாம் கண்காணிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. கீரை வாடினால் உரிமத்தையே பறித்துவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளையை வீட்டில் தனியாக விட்டு வந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

முகப்புத் திரை ஒரே ஒரு கேமராவைத்தான் ஏற்கும். இரண்டாவது வேண்டுமென்றால் இன்னொரு ஊர்தி வாங்கு என்பது அதைச் செய்தவர்களின் தாராள மனசு. கணவன் செவ்வாயின் நிலாவான போபோஸில் சுரங்க வேலைக்குப் போய்விட்ட பிறகு, மகளைத் தனியே விட்டு வரும் குற்ற உணர்ச்சி தவமணியைப் பிடுங்கித் தின்றது. பத்து நாள்களுக்கு முன் ஒரு முடிவுக்கு வந்தாள். பின்வண்டிக் கேமராவின் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே துளையில் வீட்டுக் கேமராவின் அலைவாங்கியைச் செருகினாள். நாற்றுகளுக்குப் பதிலாக மகள் நிறைமதி தெரிந்தாள். அன்றுதான் தவமணி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

மகளும் தங்கம். மேசையில் குனிந்து வாய்ப்பாடு எழுதினாள். அவ்வப்போது நிமிர்ந்து, "அம்மா, பாக்கிறியா?" என்றாள். தவமணிக்கு வழியெல்லாம் கடைக்காரர்களோடு பேச வேண்டியிருந்தது. அதற்காகவே ஊர்தியில் உம்கொட்டி என்று ஒரு வசதி இருந்தது. குழந்தையின் குரல் கேட்டால் அம்மாவின் குரலில் "உம்" என்று சொல்லும். பேச்சு முடிந்ததும் தவமணி மைக்கை அணைத்துவிட்டு, கேட்க யாருமில்லை என்ற தைரியத்தில் தொண்டை கிழியப் பாடுவாள். பெரும்பள்ளத்து வளைவு வந்ததும் மைக்கைப் போட்டு, "மதி, தண்ணி குடிச்சியா?" என்று கேட்பாள். சற்று நேரத்தில் மகள் பாட்டிலை எடுத்துக் குடிப்பாள். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை என்று தாய்க்குப் பூரிப்பாக இருக்கும்.

அன்று வடக்கு வாயிலில் கதவு திறக்கவில்லை.

"ஏம்மா, இன்னிக்குச் சோதனை நாள்," என்றது ஒலிபெருக்கி. வாயில் அதிகாரி பாக்கியநாதனின் குரல். "உங்க திரையில வர்றது எனக்கும் தெரியும். அதுல ஒரு புள்ள கணக்குப் போட்டுக்கிட்டிருக்கு. அதுதான் கீரையா?"

"சார், ரெண்டே நிமிஷம்..."

"பின்வண்டிப் படம் வந்தாத்தான் கதவு தெறக்கும்."

வேறு வழியில்லை. தவமணி அலைவாங்கியில் கை வைத்தாள். "மதி, அம்மா பத்து நிமிஷம் இருக்கமாட்டேன். பயப்படாதே, கண்ணு."

மகள் நிமிர்ந்தாள். "அம்மா, பாக்கிறியா?"

பிடுங்கும்போது தவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளையைத் தள்ளிவிட்டுக் கீரையைப் பார்க்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இருக்கைக்கடியில் கிடந்த பின்வண்டி ஒயரைத் தேடி எடுத்து, முனையிலிருந்த புழுதியை ஊதித் துடைத்துச் செருகினாள். திரை கறுத்தது. 'புதிய கேமரா. ஏற்கவா?' என்று கேட்டது. ஏற்கச் சொன்னாள். கேமராவை யாரோ தலைகீழாக மாட்டியிருந்ததால் நாற்றுத் தட்டுகள் கூரையிலிருந்து தொங்குவதுபோல் தெரிந்தன.

தட்டுகளுக்கு நடுவே இரண்டு கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"ஏம்மா," என்றார் பாக்கியநாதன், "ஒங்க கீரைக்குக் காலு மொளைச்சிருக்கே?"

தவமணி படத்தை நிமிர்த்தினாள். நீலச் சட்டையில் நிறைமதி சாய்ந்து உட்கார்ந்து, பறித்த கீரையை மென்றுகொண்டிருந்தாள்.

இணைப்புக் கதவைத் திறந்துகொண்டு தவமணி பின்னால் ஓடினாள். "நீ வீட்டுலதானே இருக்கே?" என்று மகளின் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"அது பழைய படம்மா. மொத நாள் நெசமாவே உக்காந்து படிச்சேன். அதைப் பதிவு பண்ணி ஓட விட்டிருக்கேன். நீ நாத்து ஏத்தி முடிச்சதும் இங்க ஏறிக்குவேன், எறக்குறப்போ தட்டுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவேன்."

"ஒம்பது நாளாவா? ஏண்டி இப்படிப் பண்ணே?"

"மொத நாளே, வீடு தீப்பிடிச்சிருச்சும்மான்னு சொல்லிப் பாத்தேன். அதுக்கும் உம்னு சொன்னே." நிறைமதி தலையைக் குனிந்துகொண்டாள். "மறுநாளே நீ கண்டுபிடிச்சிருவேன்னு நெனச்சேன். தெனமும் அதே மஞ்சக் கவுன்தானே போட்டிருக்கேன்."

தவமணிக்குச் செத்துவிடலாம்போல் இருந்தது. அந்த மஞ்சள் கவுனைத் துவைத்து, காயவைத்து, மடித்துப் பெட்டியில் வைத்தவளே அவள்தான். பெட்டியில் இருந்த கவுன் திரையிலும் இருந்ததை ஒன்பது நாள் பார்த்திருக்கிறாள். பெருமைப்பட்டுக்கொண்டு வேறு பார்த்திருக்கிறாள். இந்த ஒயரைப் பிடுங்காமல் விட்டிருந்தால் முதல் நாளே மகள் கண்ணில் பட்டிருப்பாள்.

"இங்க எதுக்கு வந்தே?"

"இங்க இருந்தா நீ பாடுறது கேக்கும்."

தவமணி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாக்கியநாதன் சட்டத்தைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். "கீரை வாடினா என்ன செய்யணும்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கு. புள்ளயப் பத்தி ஒரு வரியும் இல்ல. போங்கம்மா," என்றார். கதவு திறந்தது.

திரும்பும்போது நிறைமதி முன்னால், அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். இனி எதையும் எவரையும் நம்பி இவளை விடப்போவதில்லை என்று தவமணி முடிவு செய்திருந்தாள். சட்டப்படி பின்வண்டிக் கேமரா இணைந்தே இருந்தது. திரையில் காலித் தட்டுகள் ஆடிக்கொண்டு வந்தன.

பெரும்பள்ளத்து வளைவு வந்தது.

"மதி, தண்ணி குடிச்சியா?" என்று தவமணி காலித் தட்டுகளைப் பார்த்துக் கேட்டாள்.

"குடிச்சிட்டேம்மா," என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

தவமணி திரும்புவதற்குள், அணைக்க மறந்த உம்கொட்டி அவள் குரலில் சொன்னது.

"உம்."