குத்தில்லா வார்டு

உணருறைகள் மூன்றும் சலைன் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஊசி ஏறியதோ தலைமைச் செவிலி அமலோற்பவத்தின் வெறும் விரலில். பதினேழாம் படுக்கைக்காரருக்கு ரத்தம் எடுத்துவிட்டு மூடியை மாட்டும்போது நேர்ந்தது. அந்த நோயாளிக்குக் கல்லீரல் அழற்சி, பி வகை.

உணருறை அரசு மருத்துவமனைகளுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கையுறையில் ஊசி பட்டால் போதும். ஒட்டியிருக்கும் ரத்தத்தைச் சோதித்து, எந்தக் கிருமி என்று சொல்லிவிடும். உடனே வார்டு மூலையில் நிற்கும் மருந்துக்காப்பான் எந்திரம் அதற்கான மருந்தை நீட்டும். கூடவே விசாரணைக்காக வார்டின் கதவுகளும் ஒருநாள் முழுக்கப் பூட்டிக்கொள்ளும். நாற்பத்திரண்டு நோயாளிகள், மூன்று செவிலியர். அதுவும் அந்தத் தடித்த உறையோடு நரம்பைத் தடவிப் பார்க்க முடியாது. அதனால் உறைகள் கம்பிக்குப் போயின. தொங்கியபடியே தினமும் 'குத்து இல்லை' என்று பதிந்தன. அந்தப் பதிவுகளில் மாதாமாதம் கையெழுத்திட்டவள் அமலோற்பவம்.

அவளுக்குத் தடுப்பூசி மூன்று முறை போட்டும் உடம்பில் பிடிக்கவில்லை. எதிர்ப்புரத ஊசி ஒன்றுதான் வழி. அதையும் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

"வணக்கம், சகோதரி. உங்கள் உணருறையில் குத்து எதுவும் பதிவாகவில்லை" என்றது மருந்துக்காப்பான்.

"ரத்தம் வருதே, கண்ணு தெரியலையா உனக்கு?"

"காய் நறுக்கினாலும் ரத்தம் வரும், சகோதரி."

"நீ எந்தக் காலத்துல காய் நறுக்குன?" அமலோற்பவம் அதன் வயிற்றில் ஓங்கிக் குத்தினாள். கைதான் வலித்தது.

"அக்கா, அதுகிட்ட வாதாடி ஆகாது" என்றாள் இளைய செவிலி ரிஸ்வானா. "உறைய மாட்டிட்டு, அதே ஊசியால இன்னொரு தடவ குத்திக்கிடுங்க. அப்ப நம்பும்லா?"

"வெளங்கிரும்! ஒரு குத்துக்கு மருந்து வாங்க ரெண்டாவது குத்தா?"

"கதவு பூட்டுனா பூட்டட்டும். மருந்து உள்ளதான இருக்கு?"

வேறு வழி தெரியவில்லை. உறையை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு குத்திக்கொண்டாள். உறை சிவந்தது. கதவுகள் தடதடவென்று பூட்டிக்கொண்டன.

"பதிவானது. கல்லீரல் அழற்சி பி. வருந்துகிறோம். எதிர்ப்புரத ஊசி இருப்பில் இல்லை."

"என்னது?"

"மூன்று ஆண்டுகளாக இங்கே ஒரு குத்தும் இல்லை. தேவையில்லாத மருந்தை மதுரைக்கு அனுப்பிவிட்டோம். அதற்காகத்தான் உங்களுக்கு விருது வழங்கினோம்."

எதிர்ச் சுவரில் மாட்டிய படத்தில் 'குத்தில்லா வார்டு' கேடயத்தோடு அவளே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கதவத் திற! மதுரைக்கு நானே போய்ப் போட்டுக்கிடுதேன்!"

"விசாரணை முடிந்ததும் திறக்கும். இன்னும் இருபத்துமூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடங்கள்."

அவள் கதவை உதைத்தாள். அது அசையவில்லை.

"கவலை வேண்டாம், சகோதரி. உங்கள் குத்தைக் கணக்கில் கொண்டு, அடுத்த ஆண்டுக்கு இந்த வார்டுக்கென ஓர் ஊசி ஒதுக்கியாயிற்று."

"ஒண்ணுதானா?" என்றாள் ரிஸ்வானா.

அமலோற்பவம் திரும்பிப் பார்த்தாள். ரிஸ்வானாவின் இடது பெருவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஓரங்கள் அழுக்கேறி, ஒட்டி நாலைந்து நாளாவது இருக்கும்.